ஐந்து பேர், இரண்டு இரவு, 1,800 வெள்ளி

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுதான். "இந்த வருஷமாவது லெகோலேண்ட் போவோமா?" எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு நான்கு வருடமாக ஒரே பதில்தான் சொல்லி வந்தோம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்."

போன ஆண்டு அந்தப் பதிலைச் சொல்ல வழியில்லாமல் போனது. மகன் பதினொரு வயதை முடிக்கப் போகிறான். லெகோலேண்டில் 12 வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். அதே ஆண்டில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓவர்டைம் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளிக்கு முன்பு கை நிறைய வேலை இருக்கும், மற்ற மாதங்களில் வந்தால் உண்டு. கணவர், நான், மகன், ஆறு வயது மகள், 66 வயது மாமியார் என்று ஐந்து பேர். கிள்ளானிலிருந்து ஜொகூர் போய், இரண்டு இரவு தங்கி, யாரிடமும் கடன் வாங்காமல் திரும்ப வேண்டும். எப்படிச் செய்தோம் என்று அக்கம்பக்கத்தில் பலர் கேட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பணம் எங்கிருந்து?

கணவர் முதலில் சொன்ன யோசனை ஊழியர் சேமநிதி. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்கு உட்பட்ட உறுப்பினர்களின் சேமநிதியில் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்து 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "என் காசுதானே, எடுத்தா என்ன?" என்றார். "அது நமக்கு வயசான பிறகு சோறு. அதை இப்பவே லெகோ கட்டையாக்க வேணாம்" என்றேன். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா "கூட்டு"ப் போடச் சொன்னார். மாதாமாதம் பத்துப் பேர் பணம் போட்டு, ஒருவர் எடுப்பது நம்மவர்களிடம் பழைய வழக்கம்தான். ஆனால் அதற்கு 1971ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. எடுத்தவர் ஓடிவிட்டால் போலீசில் புகார் கொடுக்கப் போகும் நம் நிலையும் சிக்கல்தான். எனவே அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் வழி எளிமையானது. சம்பளம் வந்த அன்றே 100 வெள்ளியைத் தனிக் கணக்கில் போட்டோம். அதற்கு மேல், என் கைப்பைக்கு வரும் பச்சை நோட்டு, அதாவது ஐந்து வெள்ளி நோட்டு, எதையும் செலவு செய்வதில்லை. நேராக மைலோ டின்னுக்குள் போகும். மாதத்துக்குப் பதினைந்து, பதினாறு நோட்டுகள் சேர்ந்தன. சராசரியாக 80 வெள்ளி. இரண்டும் சேர்ந்து மாதம் 180. பத்து மாதத்தில் 1,800. "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டுச் சேமிப்பதைவிட, "நம்மால் எவ்வளவு முடியும்?" என்று முதலில் பார்த்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பயணம் அந்தத் தொகைக்குள் அடங்கியாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

நோட்டுப் புத்தகத்தில் இப்படிப் பிரித்தோம்: நுழைவுச்சீட்டு 900, தங்குமிடம் 320, பெட்ரோலும் சாலைக் கட்டணமும் 220, சாப்பாடு 240, மற்றவை 120.

எந்தப் பூங்கா?

பிள்ளைகள் கேட்பது ஒரு பூங்காவாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு மலிவான வழி சன்வே லகூன். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் உருவான பூங்கா அது. தங்குமிடச் செலவு இல்லை. கார் கூட வேண்டாம். கொமுட்டரில் செத்தியா ஜெயாவிலோ, எல்ஆர்டியில் யூஎஸ்ஜே 7லோ இறங்கினால் அங்கிருந்து பிஆர்டி பேருந்து இருக்கிறது. சன்வே லகூன் என்ற பெயரிலேயே ஒரு நிறுத்தம் உண்டு.

ஈப்போவில் தம்பூன் லோஸ்ட் வேர்ல்டு இருக்கிறது. சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே சுடுநீர் ஊற்றோடு அமைந்த இடம். சிறு பிள்ளைகளும் முட்டிவலிக்காரர்களும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு ஏற்றது. கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணம். கெந்திங்கில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் உண்டு. அங்கே போகிறவர்கள் குளிர்சட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால், மேலே போய் வாங்கும் செலவு மிச்சம்.

சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றியும் பார்த்தோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசில் மூன்று வெள்ளிக்கு மேல் கொடுக்க வேண்டும். நுழைவுச்சீட்டு மட்டுமல்ல, தண்ணீர் போத்தல் வரைக்கும் அந்தக் கணக்குதான். கடப்பிதழுக்குப் பெரியவர்களுக்குத் தலைக்கு 200 வெள்ளி, சிறு பிள்ளைகளுக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் 100 வெள்ளி. எங்களில் ஒருவரிடமும் கடப்பிதழ் இல்லை. அதற்கே 700 வெள்ளி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஏற்கெனவே கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல்: ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி பக்கமிருந்து செந்தோசாவுக்கு நடைபாதையில் நடந்தே போய்விடலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியில் மகன் பக்கம்தான் வெற்றி. 2012 செப்டம்பரில் திறந்த, அவன் பெயரைக் கேட்டு வளர்ந்த லெகோலேண்ட்தான்.

நல்ல நாள் பார்த்தல்

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிட இதற்குக் கவனமாக நாள் பார்க்க வேண்டும். இணையத்தில் வாங்கும் சீட்டின் விலையும் விடுதி வாடகையும் நாளுக்கு நாள் மாறும். பள்ளி விடுமுறையிலேயே போனாலும் செவ்வாய், புதன், வியாழன் என்று வார நடுவில் போனால் வாடகை குறைவு, வரிசையும் குறைவு.

முன்பெல்லாம் "ஜொகூருக்கு ஞாயிற்றுக்கிழமை போ, அங்கே அன்று வேலை நாள்" என்று சொல்வார்கள். அது 2014 முதல் 2024 வரை சரி. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் வார விடுமுறை. பழைய யோசனையை நம்பிப் போனால் கூட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

நம் நாட்டு விடுமுறைப் பட்டியலோடு சிங்கப்பூர் பள்ளி விடுமுறைப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். அவர்களுக்கு ஜூன் மாதம் முழுக்க, பிறகு நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் கடைசி வரை நீண்ட விடுமுறை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். பாலம் தாண்டினால் ஜொகூர் என்பதால் அந்த நாட்களில் விடுதி கிடைப்பதே கஷ்டம். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். மின்னல் வெட்டினால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் நம் ஊர் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். எனவே கதவு திறக்கும் நேரத்துக்கே போய், வெளிப்புறச் சவாரிகளை முதலில் முடித்துவிட வேண்டும். கூரைக்குக் கீழே இருப்பதைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நுழைவுச்சீட்டு வாங்கும் முன்

செலவில் பாதி இதுதான் என்பதால் மிச்சம் பிடிக்க முடிவதும் இங்கேதான் அதிகம். நாங்கள் பின்பற்றியவை இவை:

மைகார்டு காட்டினால் மலேசியர்களுக்குத் தனி விலை தரும் பூங்காக்கள் நம் நாட்டில் பல உண்டு. பெரியவர்களின் மைகார்டு, பிள்ளைகளின் மைகிட் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் வாங்குவதைவிடப் பூங்காவின் சொந்த இணையத்தளத்தில் முன்கூட்டியே வாங்குவது பெரும்பாலும் மலிவு. அதற்கு முன் பெயர் தெரிந்த பயணச் செயலிகளில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கும் மாட்டா பயணக் கண்காட்சியிலும் சலுகை கிடைக்கும். அங்கே வாங்குபவர்கள் சீட்டு எந்தத் தேதி வரை செல்லும், எந்த நாட்களில் செல்லாது என்பதைப் படித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் "பாதி விலை" என்று வருவதை நம்பாதீர்கள். எங்கள் தாமானில் ஒரு குடும்பம் தனியார் கணக்குக்கு 400 வெள்ளி அனுப்பிவிட்டு, வந்த சீட்டு போலி என்பதை வாசலில்தான் தெரிந்துகொண்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியிலிருந்தே திரும்பினார்கள். பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மோசடிக்கென்றே உள்ள தேசிய மையத்தின் எண் அது.

ஆண்டுச் சீட்டு லாபமா என்பது வீட்டின் தூரத்தைப் பொறுத்தது. ஆண்டுச் சீட்டின் விலையை ஒரு நாள் சீட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையைவிட அதிக முறை போவீர்கள் என்றால் வாங்கலாம். ஜொகூர்பாருவில் இருப்பவர்களுக்கு அது சரி. எங்களுக்கு ஒவ்வொரு முறையும் சாலைச் செலவே 200 வெள்ளிக்கு மேல் என்பதால் வாங்கவில்லை.

பிள்ளைகளின் உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்துகொள்ளுங்கள். எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பூங்காவின் பக்கத்திலேயே இருக்கும். பாதிச் சவாரியில் ஏற முடியாத பிள்ளைக்கு அந்த ஆண்டு நீர்ப் பூங்கா மட்டும் போதுமாக இருக்கலாம்.

"எனக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?"

நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் வராட்டி எவ்வளவு மிச்சம்?" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். கிட்டத்தட்ட 150 வெள்ளி. "நூத்தம்பதா? அப்ப எனக்கு எதுக்கும்மா டிக்கெட்டு? நான் எதுல ஏறப் போறேன்? வீட்ல இருந்து கோழியப் பாத்துக்கிறேன்."

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மழை வந்தால் அன்றைய கூலி போய், அப்படி வளர்த்த மகன்தான் என் கணவர். அவர் சொன்னதில் கணக்குத் தவறு எதுவும் இல்லை. சவாரியில் ஏறாத ஒருவருக்கு முழு நாள் சீட்டு வீண்தான். என் கணவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் இரண்டு நாள் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமியாரிடம் சொன்னேன்: "அத்தை, கணக்கு அஞ்சு பேருக்குப் போட்டது. ஆளைக் குறைச்சி மிச்சம் பிடிக்கிறதா இருந்தா நான் மூணு வருஷம் முன்னாடியே போயிருப்பேன்." 60 வயதைக் கடந்தவர்களுக்குப் பிள்ளைகளின் விலையிலேயே சீட்டுக் கொடுக்கும் பூங்காக்கள் உண்டு. ஓகேயூ அட்டை வைத்திருப்போருக்கும் பல இடங்களில் சலுகை உண்டு. கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து சொல்லமாட்டார்கள். அவருக்குச் சலுகை விலையை விசாரித்துக் காட்டியபிறகும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். சமையல் தன் பொறுப்பு.

அந்த நிபந்தனைதான் எங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்தியது.

ரைஸ் குக்கர் ஏறியது

லெகோலேண்டை ஒட்டிய விடுதிகளில் தங்காமல், கேலாங் பாத்தா, புக்கிட் இண்டா பக்கம் சமையலறை உள்ள ஹோம்ஸ்டே தேடினோம். காரில் கொஞ்ச நேரம்தான். ஐந்து பேருக்கு இரண்டு அறை, இரண்டு இரவுக்கு 310 வெள்ளி. காரின் பின்னால் ரைஸ் குக்கர், அரிசி, முட்டை, வீட்டிலேயே செய்த நெத்திலி சம்பல், புளிக்காய்ச்சல், ஐஸ் பெட்டி எல்லாம் ஏறின.

பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதை மறைத்துக் கொண்டு போய் வாசலில் மானம் போக வேண்டாம். காலையில் வயிறு நிறையப் பசியாறிவிட்டுப் போனால் மதியம் வரைக்கும் தாங்கும். பல பூங்காக்களில் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து, அதே நாளில் மறுபடியும் உள்ளே போகலாம். அதை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மதியம் வெளியே வந்து புளிச்சாதமும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். கடைசி இரவு மட்டும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. ஐந்து பேரும் கைகழுவி எழுந்தபோது மாமியார் முகத்தில் இருந்த நிம்மதிக்கு அந்தச் செலவு தகும். அன்று அவர் பாத்திரம் கழுவவில்லை.

சில்லறைச் செலவுகளும் இப்படித்தான் அடங்கும். மழைச்சட்டையை மலிவு விலைக் கடையில் முன்பே வாங்கிக்கொண்டால் மழை வந்ததும் பூங்காக் கடைக்கு ஓட வேண்டாம். நீர்ப் பூங்காவில் ஜீன்ஸ், பருத்திச் சட்டையோடு இறங்க விடாத இடங்கள் உண்டு. நீச்சல் உடையும் துண்டும் வீட்டிலிருந்தே போகட்டும்.

சாலைச் செலவைப் பொறுத்தவரை, கிள்ளானிலிருந்து போக வர 700 கிலோ மீட்டர். எங்கள் கார் ஒரு லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் ஓடும். 50 லிட்டர் பெட்ரோல், மானிய விலையில் ஏறக்குறைய 100 வெள்ளி. சாலைக் கட்டணமும் ஏறக்குறைய அதே அளவு. இருவர் மட்டும் போவதாக இருந்தால் பேருந்து மலிவாக இருக்கலாம். ஐந்து பேருக்குக் கார்தான்.

பிள்ளைகள் கையில் காசு

பூங்காவின் வாசலில் உள்ள கடையைத் தாண்டித்தான் எந்தப் பூங்காவிலிருந்தும் வெளியே வர வேண்டும். அந்தக் கடையில்தான் பல குடும்பங்களின் கணக்கு உடைகிறது. நாங்கள் கிளம்பும் முன்பே ஆளுக்கு 40 வெள்ளி கையில் கொடுத்தோம். "இது உங்க காசு. இதுக்கு மேல கேக்கக் கூடாது. மிச்சம் வந்தா உங்களுக்கே." அம்மா காசாக இருந்தபோது கண்ணில் பட்டதெல்லாம் வேண்டியிருந்தது. தன் காசானதும் மகன் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பி விலை பார்த்தான். "இதே பெட்டி நம்ம ஊர் கடையிலயும் இருக்கும்மா" என்று எனக்கே பாடம் சொன்னான். 18 வெள்ளிக்கு ஒரு பொருள் வாங்கி, 22 வெள்ளியைப் பத்திரப்படுத்தினான். மகள் முதல் அரை மணி நேரத்திலேயே 40 வெள்ளியையும் முடித்துவிட்டு அண்ணனின் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் எதிலும் ஏறமாட்டேன் என்றவர், சுற்றிக்கொண்டே மேலே போகும் கோபுரத்தில் பேத்தியோடு ஏறினார். மற்ற நேரமெல்லாம் மினிலேண்டில்தான். லெகோ கட்டைகளால் கட்டிய இரட்டைக் கோபுரமும் தாஜ்மகாலும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, குனிந்து, சுற்றி வந்து பார்த்தார். "இதக் கட்டினவனுக்கு இடுப்பு என்ன வலி வலிச்சிருக்கும்" என்றார். அவருடைய சீட்டு வீணாகவில்லை.

கடைசிக் கணக்கு

நுழைவுச்சீட்டு 868, தங்குமிடம் 310, பெட்ரோலும் சாலைக் கட்டணமும் 214, சாப்பாடு 251, பிள்ளைகளின் காசும் மற்றவையும் 96. மொத்தம் 1,739 வெள்ளி. சாப்பாட்டில் 11 வெள்ளி கூடியது, வாழை இலையின் வேலை. மற்ற எல்லாவற்றிலும் குறைந்து, 61 வெள்ளி மிஞ்சியது.

உங்கள் வீட்டில் ஆட்கள் கூடலாம், குறையலாம். தூரமும் விலையும் மாறும். எங்கள் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சவரம்பு, அதை எழுதும்போது பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். இந்த 61 வெள்ளியோடு மைலோ டின் மறுபடியும் அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. இந்த முறை இடத்தை மகளும் பாட்டியும் சேர்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தம்பூன் சுடுநீர் ஊற்று. மாமியாரின் முட்டிக்கு நல்லதாம்.